பறவைக்கு ஊர் எது?

ஐப்பசி மழை நுவரெலியாவைப் பிடித்துக்கொள்ளும் நாட்களில், தேயிலை மலைகளின் ஓரத்து நிழல் மரங்களில் ஒரு சின்னஞ்சிறு பறவை வந்து அமர்கிறது. சிட்டுக்குருவியிலும் சிறியது, பத்துக் கிராம் எடைதான் இருக்கும். ஆணின் தொண்டையிலும் மார்பிலும் செம்மஞ்சள் நிறம்; அதன் இருமருங்கும் கரிக்கோடு இழுத்தாற்போல ஒரு கரை. தாழ்ந்த கிளையிலிருந்து எழுந்து பூச்சியைக் கவ்விக்கொண்டு, வாலை ஒருமுறை உதறிவிட்டு மீண்டும் அமரும். பறவை நூலார் இதற்குக் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காஷ்மீரத்திலும் அதையொட்டிய இமயச் சாரல்களிலும் கோடையில் மரப்பொந்துகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தைக் கழிக்கப் பெரும்பாலும் இலங்கை மலைநாட்டுக்கே வருகிறது. நீலகிரி முதலான மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் ஒருசில தங்கிவிடும். மற்றபடி இந்தப் பரந்த உலகில் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. பங்குனியில் திரும்பிப் போய்விடும். போகும் வழி ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். வரும் வழியும் அவ்வளவே.

இது தனியாக வருவதில்லை. இமயத்தில் கூடுகட்டும் கருப்பு வெள்ளைப் பூங்குருவியும் அதே பருவத்தில் வருகிறது. நுவரெலியா விக்டோரியாப் பூங்காவின் ஓரமாக ஓடும் அழுக்குநீர் ஓடையின் கரையில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும் அதைக் காண்பதற்காகவே தூர தேசத்துக்காரர்கள் தொலைநோக்கிக் கண்ணாடிகளோடு வந்து காத்து நிற்கிறார்கள். வாலாட்டிக் குருவி ஸ்டோர் முற்றத்து ஈரத்தில் ஓடித் திரிகிறது. கதிர்க்குருவிகள் இலைக்குள் இலையாக மறைந்துகொண்டு ஒற்றைக் குரல் கொடுக்கின்றன. தமிழகத்தில் ஆறுமணிக் குருவி என்று சொல்கிறார்களே, அந்த ஒன்பது நிறத்துப் பறவையும் இலங்கைக்கு வருவதே. வந்து சேர்ந்த அன்று அது படும் பாடு கொஞ்சமல்ல. இரவெல்லாம் பறந்த களைப்பில் சுவரில் மோதி, விடியற்காலையில் வீட்டுத் தாழ்வாரத்தில் சுருண்டு கிடக்கும். கையில் எடுத்தால்கூட எதிர்க்கத் திராணி இராது.

பறவையைப் பார்த்தவுடன் சுதந்திரத்தைப் பாடத் தொடங்கும் கவிஞர்கள் இந்தக் காட்சியையும் ஒருமுறை பார்க்கவேண்டும். எல்லைக்கோடு இல்லை, கடவுச்சீட்டு இல்லை, விண்ணெல்லாம் அதற்கே சொந்தம் என்றெல்லாம் எழுதுவது சுலபம். ஈப்பிடிப்பான் விருப்பத்தினால் புறப்படவில்லை. இமயத்தில் பனி இறங்கியதும் பூச்சி அற்றுப்போகிறது; இருந்தால் பட்டினிதான். பயணத்துக்கு முன் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பே வழிச்செலவு. இரவில் பறக்கும் சிறு பறவைகளைப் பற்றி விஞ்ஞானிகள் கண்டறிந்திருப்பது வியப்பானது. பெரும்பாலான இனங்களில் முதலாண்டுக் குஞ்சு தாய் தந்தையின் துணையின்றித் தனியாகவே புறப்படுகிறது. எந்தத் திசை, எத்தனை நாள் என்பது அதன் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. விண்மீன்களையும், மறையும் சூரியனையும், பூமியின் காந்தப் புலத்தையும் கொண்டு அது திசை அறிகிறது. இவ்வளவு கருவிகள் இருந்தும், புயலில் சிக்கியும் பசியில் வாடியும் பருந்துக்கு இரையாகியும் மாள்பவை ஏராளம். பிழைப்புக்காகப் போகும் பயணம் அது. வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர் மதுரையில் குளிரில் ஒடுங்கிக் கிடந்தபோது, தெற்கே வந்து வடக்கே திரும்பும் நாரையைத் தம் மனைவிக்குத் தூதாக அழைத்தார். வலசை போவதன் பொருளை அறிந்த ஏழையின் பாட்டு அது.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஆண்டில் ஐந்து, ஐந்தரை மாதம் இலங்கை மலைகளில் உண்டு உறங்கி, இரண்டொரு மாதம் வழியில் கழித்து, எஞ்சிய காலம் காஷ்மீரத்தில் இருக்கும் இந்தப் பறவைக்கு ஊர் எது?

பறவை நூல்களைத் திறந்தால் பதில் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு பறவையின் பெயருக்கு எதிரிலும் ஒரு குறிப்பு: உள்ளூர்ப் பறவை, குளிர்கால விருந்தாளி, வழி தவறி வந்தது என்றிப்படி. 1878-க்கும் 1880-க்கும் இடையில் லெக் எழுதி வெளியிட்ட பெருநூலிலும், 1955-இல் வந்த ஜி. எம். ஹென்றியின் கையேட்டிலும், இன்று வரும் புதிய கையேடுகளிலும் அடிப்படைப் பிரிவு இதுதான். பிரிக்கும் விதியும் எளியதே. எங்கே கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கிறதோ அதுவே அதன் ஊர். மற்ற இடங்களில் அது விருந்தாளி. ஆகவேதான் ஈப்பிடிப்பானின் பெயரோடு காஷ்மீரம் ஒட்டிக்கொண்டது. பாதி ஆயுளை இங்கே கழித்தாலும் அதை இலங்கை ஈப்பிடிப்பான் என்று காஷ்மீரத்தில் யாரும் அழைப்பதாக நாம் கேள்விப்படவில்லை.

இந்த விதியைக் குறை சொல்வதற்கில்லை. ஆராய்ச்சியாளனுக்கு ஒரு வகைப்பாடு வேண்டும். எனினும் விருந்தாளி என்ற சொல்லில் ஓர் உபசாரமும் இருக்கிறது, ஒரு விலக்கலும் இருக்கிறது. விருந்தாளிக்கு வீட்டில் பங்கு கிடையாது. நேரம் வந்ததும் எழுந்து போகவேண்டியவர் அவர். பறவையைப் பொறுத்தவரை சொல் என்னவாயிருந்தாலும் நஷ்டமில்லை. அதே சொல்லை மனிதர்மேல் போட்டபோது என்ன நடந்தது என்பதை இந்த மலைகள் கண்டிருக்கின்றன. நிலைத்துத் தங்காத மனிதரைக் குறிக்க ஆங்கிலத்தில் 'வழிப்போக்குப் பறவைகள்' என்றொரு தொடர் உண்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய பேச்சிலும் அந்தத் தொடர் புகுந்து விளையாடியது.

ஒரு காலத்தில் அந்த உவமையில் கொஞ்சம் உண்மை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மலைகளில் விளைந்தது கோப்பி. பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணியின் பின்னால் மக்கள் தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களைப் புதைக்கவும் ஆளில்லாத காலம் அது. பறிப்பு முடிந்ததும் உயிரோடு இருந்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். பருவத்தோடு வந்து பருவத்தோடு போன அவர்களை வலசைக்கு ஒப்பிட்டால் தவறில்லை.

ஆனால் 1869-இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. சில ஆண்டுகளில் கோப்பி மடிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1867-இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலை கோப்பியைப் போன்றதல்ல. ஆண்டு முழுவதும் துளிர்க்கும், ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். வந்து போகிற ஆள் தோட்டத்துக்கு உதவமாட்டான். குடும்பத்தோடு தங்குகிற ஆள் வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் கொண்டுவரப்பட்டார்கள்; பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களை வரிசையாகக் கோத்து லயங்கள் எழுந்தன. பிறப்பும் பூப்பும் கல்யாணமும் சாவும் அந்தக் காம்பராவிலேயே நடந்தன. வலசைப் பறவையை உள்ளூர்ப் பறவையாக்கியது தேயிலைச் செடி. அழைத்தவர்கள் அப்போது யாருடைய பாட்டனின் பிறப்புப் பத்திரத்தையும் கேட்கவில்லை. கேட்டது இரண்டு கைகளை மட்டுமே.

பறவை நூலின் விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். கூடுகட்டிக் குஞ்சு பொரித்த இடமே ஊர் என்றால், லயத்தில் பிறந்தவர் அனைவரும் இந்த மலைக்குரியவர்களே, மறுபேச்சுக்கு இடமில்லை. 1948-ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் இந்த எளிய விதியை ஏற்கவில்லை. இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. பிறப்பைப் பதியும் வழக்கமே சரிவர இல்லாத தோட்டத்தில், எழுத்தறிய வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களிடம், இரண்டு மூன்று தலைமுறைக்கு அத்தாட்சி கேட்டது. முட்டை எங்கே இடப்பட்டது என்பதோடு பறவை நூல் நின்றுவிடுகிறது. சட்டமோ முட்டையிட்ட பறவையின் முட்டை எங்கே இடப்பட்டது என்று கேட்டது! அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றிருந்தார்கள். 1952-இல் அம்மக்கள் சார்பில் வென்று சென்றவர் எவருமில்லை.

மேலே சொன்ன ஹென்றி 1891-இல் கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆங்கிலேயக் குடும்பத்துப் பிள்ளை, பறவைகளை ஆழ்ந்து நேசித்தவர், நல்ல ஓவியர். அதே காலத்தில் அதே மலைகளின் லயங்களிலும் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களிலும் பறவையின் குரலைக் கேட்டே இனம் சொல்லக்கூடிய கூர்மை உடையவர்கள் இருந்திருப்பார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்துக்குப் போகிறவனுக்குப் பறவைக் குரல் தெரியாமல் இருக்குமா? இலங்கை மலைக்காட்டில் மட்டுமே வாழும் சீகாரப் பூங்குருவி ஒன்று உண்டு. அதன் விஞ்ஞானப் பெயர் பிளை என்ற தோட்டத் துரையின் நினைவாக 1872-இல் இடப்பட்டது. அந்தப் பறவையின் காட்டை வெட்டிய கோடரி தொழிலாளியின் கையில் இருந்தது. வெட்டச் சொன்ன வாய் துரையினுடையது. காடு சுருங்கச் சுருங்க அந்த உள்ளூர்ப் பறவைக்குத் தன் சொந்த ஊரிலேயே இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளூர் என்ற பட்டயம் மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

பாட்டைக் கொண்டு ஊரைத் தீர்மானிக்கலாமே என்று ஒருவர் சொல்லக்கூடும். பாடும் பறவை தன் முழுப்பாட்டைக் கூடுகட்டும் பருவத்தில்தான் பாடுகிறது. துணையை அழைக்கவும், இது என் இடம் என்று அறிவிக்கவும் பிறந்தது பாட்டு. குளிர்காலத்தில் ஈப்பிடிப்பான் நமக்குத் தருவது பெரும்பாலும் ஒரு கரகரப்பான சிறு குரல் மட்டுமே. பாட்டு அங்கே, சாப்பாடு இங்கே என்று சொல்லலாம். சரி, அந்த அளவுகோலையும் ஏற்போம். தோட்டத்து மக்கள் எங்கே பாடினார்கள்? தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து 1947-இல் நாடாளுமன்றம் சென்ற எழுவரில் ஒருவரான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் கடல் தாண்டி வந்தவைதாம். ஆனால் கங்காணியும் கொழுந்தும் மலையும் குளிரும் அவற்றுக்குள் புகுந்து அவற்றை வேறு பாட்டாக்கிவிட்டன. இராமநாதபுரத்துக் கரிசலில் அவை பிறந்திருக்க முடியாது.

1958-இல் ஐரோப்பாவில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. பெர்டெக் என்ற டச்சு விஞ்ஞானி, இலையுதிர்காலத்தில் ஹாலந்து வழியே மேற்கு நோக்கிப் போகும் ஸ்டார்லிங் பறவைகளை — நம் மைனாவுக்கு உறவு — ஹேக் நகரில் பிடித்து, காலில் வளையமிட்டு, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டார். ஒன்று இரண்டல்ல, 11,000-க்கு மேற்பட்ட பறவைகள். முன்பே அந்த வழியில் போய்வந்த முதிய பறவைகள், தாம் இடம் மாற்றப்பட்டதை உணர்ந்து, திசையைத் திருத்திக்கொண்டு, வழக்கமான குளிர்கால இடத்தை நோக்கிப் போயின. முதலாண்டுக் குஞ்சுகளுக்கு அந்த இடமே தெரியாது. உடலில் எழுதப்பட்ட திசையில் நேராகப் பறந்து பிரான்சின் தென்பகுதிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டன. நம் விஷயத்துக்கு முக்கியமானது பின்னால் நடந்ததுதான். பிந்திய ஆண்டுகளில் அந்த இளம் பறவைகள் தங்கள் முன்னோர் தங்கிய இடத்தைத் தேடிப் போகவில்லை. தாம் முதல் குளிர்காலத்தைக் கழித்த புதிய இடத்துக்கே திரும்பி வந்தன. மூதாதையின் ஊர் பேரனின் நெஞ்சில் தானாக முளைப்பதில்லை. வாழ்ந்த இடமே ஊராக ஊறுகிறது.

இந்த ஆராய்ச்சி அச்சாகி ஆறாண்டு கழித்து, 1964 அக்டோபர் 30-ஆம் நாள், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றவர் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது. 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை அளிப்பது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. 1974-இல் அந்த எஞ்சியவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். எவ்வளவு ஒழுங்கான கணக்கு! ஆடுமாடு பிரிக்கும்போதுகூட எது எந்தப் பட்டிக்குப் பழகியது என்று பார்ப்பார்கள். அட்டனிலும் தலவாக்கொல்லையிலும் கோச்சி ஏறியவர்களுக்கும் வழியனுப்பியவர்களுக்கும் இடையே எழுந்த ஒப்பாரியைக் கேட்டவர்கள் மறக்கவில்லை. அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. 1984-இல் போரினால் தலைமன்னார்க் கப்பல் நின்றபோதும் ஒப்பந்தத்தின் எண்ணிக்கை நிறைவேறியிருக்கவில்லை.

போனவர்களில் பலர் நீலகிரிக்குப் போனார்கள். அவர்களுக்கென்றே தமிழக அரசு அங்கே தேயிலை பயிரிட்டது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் மறுபடி கொழுந்துக் கூடை, மறுபடி காம்பரா. அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'. இலங்கைக் குடிசன மதிப்பீட்டிலோ அவர்கள் இனத்தவரின் பெயர் 'இந்தியத் தமிழர்'. இரண்டு கரையிலும் மறுகரையின் பெயர்! காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்கு இந்தப் பாக்கியம்கூட இல்லை; அதற்கு ஒரு பெயர்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. இயற்கையிடமிருந்து நேரடியாக நீதி கேட்பது ஆபத்தானது. பறவைகள் எல்லாம் ஒற்றுமையாக வாழ்கின்றன என்று பாடப்புத்தகம் சொல்லும்; உண்மை அப்படியன்று. குளிர்கால விருந்தாளியான கீச்சான் தனக்கென்று ஒரு புதர்வெளியை வளைத்துக்கொண்டு, இன்னொரு கீச்சானை அண்டவிடாது. ஆறுமணிக் குருவியும் தன் எல்லையைக் குரலெழுப்பிக் காக்கும். வந்தவனை விரட்டுவதே இயற்கை என்று இதைக் காட்டி ஒருவன் வாதிக்கலாம். வருவதும் போவதும் இயற்கை என்று இன்னொருவன் வாதிக்கலாம். பறவை இரண்டு பேருக்கும் சாட்சி சொல்லும், ஏனெனில் அது யாருக்கும் சாட்சி சொல்லவில்லை. விருந்தாளி என்பது பறவை நூலில் ஒரு செய்தி: இந்தப் பறவை இந்த மாதம் இங்கே இருக்கும், இந்த மாதம் இராது என்பதைத் தவிர அதில் வேறொன்றுமில்லை. அதைத் தூக்கி மனிதன்மேல் வைத்து, ஆகவே உனக்கு வாக்கில்லை, ஆகவே உனக்கு நிலமில்லை என்று முடிக்கும்போது, செய்தி தீர்ப்பாகிவிடுகிறது. 'ஆகவே' என்ற அந்தச் சொல்லுக்கு இயற்கை பொறுப்பல்ல. எழுதியவனின் நலனே பொறுப்பு. அந்த மக்களின் வாக்கு எந்தப் பக்கம் விழும் என்று 1948-இல் அஞ்சியவர்கள் யார் என்பதை வரலாறு படித்தவர் அறிவார்.

விசித்திரம் என்னவென்றால், பறவைகளுக்காக நாடுகள் பின்னாளில் இதைவிடப் பண்பட்ட ஒரு முறையைக் கண்டுபிடித்தன. 1979-இல் ஜெர்மனியின் பான் நகரில் வலசை உயிரினங்களைப் பற்றி ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. இந்தியாவும் இலங்கையும் அதில் உறுப்பு நாடுகள். ஓர் உயிர் எங்கே பிறக்கிறதோ அந்த நாடும், எங்கே குளிர்காலம் கழிக்கிறதோ அந்த நாடும், எவற்றின் வழியே போகிறதோ அந்த நாடுகளும் அதைக் காக்கும் கடமையில் பங்குடையவை என்பது அதன் சாரம். காஷ்மீரத்துக் காடு அழிந்தாலும் பறவை அழியும். நுவரெலியாவில் மரம் இல்லாவிட்டாலும் அழியும். ஆகையால் இரு முனையும் பொறுப்பேற்க வேண்டும். 1964-இல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து, உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று பிரித்தன. பதினைந்து ஆண்டு கழித்து அதே அரசுகளின் உலகம், இது உனக்கும் பொறுப்பு, எனக்கும் பொறுப்பு என்று பேசக் கற்றிருந்தது. பறவைக்குக் கிடைத்ததே என்று பொறாமைப்பட இதில் ஒன்றுமில்லை. அந்த ஈப்பிடிப்பானின் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருவதால் அதற்கு அந்தப் பாதுகாப்பும் போதவில்லை. அந்த மொழியை மனிதரிடத்தில் பேச நா எழாதது ஏன் என்பதே நம் கேள்வி.

1988-இலும் 2003-இலும் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களால் நாடற்றவர் என்ற நிலை பெரும்பாலும் தீர்ந்தது. அதற்குள் பிரசாவுரிமை இன்றியே பிறந்து, கொழுந்தெடுத்து, மண்ணுக்குள் போனவர்கள் எத்தனை பேர்! வாக்குச்சீட்டு திரும்பி வந்தது, நிலம் வரவில்லை. அண்மை ஆண்டுகளில் சில தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆயினும் ஏராளமான குடும்பங்கள் இன்னும் லயத்துக் காம்பராவிலேதான். அந்தக் காம்பரா தோட்டத்தின் சொத்து. சொந்த முகவரி இல்லாமல், தபாலைத் தோட்டத்து ஆபீசில் போய் வாங்கிய தலைமுறைகள் அங்கே வாழ்ந்திருக்கின்றன. ஓய்வுபெற்ற கிழவி தான் பிறந்த அறையில் இருப்பதற்கு, மகனோ மகளோ தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டியிருக்கிறது.

2023-இல், மலையகத்துக்கு மக்கள் வந்த இருநூறாவது ஆண்டு என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டம் நடந்தே போயிற்று. முன்னோர் விழுந்து மடிந்த அதே வழி. ஆடி மாதத்து வெயிலில் பதினைந்து நாளுக்கு மேல் நடந்தார்கள். வழியில் சிங்களவரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் அவர்களோடு சேர்ந்து நடந்தார்கள். அவர்கள் எழுப்பிய கோரிக்கைகளில் காணியுரிமை இருந்தது. தங்களை இந்தியத் தமிழர் என்றல்லாமல் மலையகத் தமிழர் என்று அழைக்கவேண்டும் என்ற குரலும் இருந்தது.